எண் விலகிய சாலை

கள்ளக்குறிச்சி நான்குமுனைச் சந்திப்பில் சாலைகளின் பெயர்களே வழிகாட்டிகள். சேலம் சாலை, துருகம் சாலை, சங்கராபுரம் சாலை, கச்சிராயபாளையம் சாலை என ஒவ்வொன்றும் தான் போய்ச்சேரும் ஊரின் பெயரைச் சூடியிருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை முன்பு ஊருக்குள் புகுந்துதான் சென்றது. அன்று அதன் எண் 68. 2010-இல் நாடெங்கும் எண்களை மாற்றியபோது அது 79 ஆயிற்று. நான்குவழிச் சாலைத் திட்டத்தில் புறவழிச்சாலை அமைந்ததும் அந்த எண் ஊரைவிட்டே விலகியது.

லாரிகள் கடைவீதியை விட்டுப் போனதில் எனக்கு வருத்தமில்லை. பள்ளிப் பிள்ளைகள் சற்றேனும் அச்சமின்றிச் சாலையைக் கடக்கலாம். ஆனால் புறவழிச்சாலை என்பது இவ்வூரில் வேலை இல்லாதவர்களுக்கானது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து இறங்கிவரும் பழங்குடி மக்களுக்கோ கள்ளக்குறிச்சி கடந்துபோகும் ஊரல்ல, வந்துசேரும் ஊர். சந்தைக்கும் மருத்துவத்துக்கும் வழக்குக்கும் அவர்கள் இங்கேதான் வரவேண்டும். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபின் இதுவே அவர்களின் மாவட்டத் தலைநகரும்கூட.

வெளியூரில் கூலிவேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பும் மலைக்காரர்களை, 'வண்டி ஊருக்குள் போகாது' என்று சொல்லிப் புறவழியிலேயே இறக்கிவிடும் பேருந்துகளில் நானும் வந்திருக்கிறேன். மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, விடியற்காலை மலைப்பேருந்தைப் பிடிக்க அவர்கள் இருட்டில் நடக்கத் தொடங்குவார்கள்.

சேலம் போகிறவருக்கு மிச்சமாகும் நிமிடங்களுக்குத் திட்ட அறிக்கையில் கணக்குண்டு. இந்த நடைக்குக் கணக்கில்லை. எண் ஊருக்கு வெளியிலேயே இருக்கட்டும். பேருந்து ஊருக்குள் வரவேண்டும்.