‘வந்துச்சு’

குருவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்த காலத்தில் நான் ஓர் அநியாயம் செய்தேன். ‘அம்மா பால் வெட்டிட்டு வந்துச்சு’ என்று எழுதிய பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடு போட்டேன். அதோடு விடவில்லை. ‘பெத்த தாயை இப்படியா சொல்றது? அம்மா என்ன மாடா?’ என்று வகுப்புக்கு முன்னால் கேட்டேன்.

எழுத்துத் தமிழில் எழுவாய் உயர்திணையானால் வினைமுற்றும் உயர்திணையாக வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் பேச்சில் அம்மா, அக்கா, அம்மாயி எல்லாருக்கும் ‘வந்துச்சு’தான். ‘வந்தா’ என்றால் இளையவள். ‘வந்தாங்க’ டீச்சருக்கும் துரைசாணிக்கும் உரிய தூரத்து மரியாதை. நெருக்கமும் மதிப்பும் சேர்ந்த இடத்தில் ‘வந்துச்சு’ நிற்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. நானும் லயத்தில் பிறந்தவன், என் அம்மாவை அப்படியே சொல்லி வளர்ந்தவன்.

இலக்கணமும் படித்திருந்தேன். மகிழ்ச்சியாலும் உயர்வாலும் கோபத்தாலும் திணையும் பாலும் மாறி வருவது இயல்பே என்று 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் பவணந்தியார் இடம் கொடுத்துவிட்டார். பாசத்தால் பசுவையே அம்மை என்று அழைத்து, பெண்பால் வினை கொடுத்துப் பேசுவதை உரைகாரர்கள் அதற்கு உதாரணம் காட்டுவார்கள். அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நான்தான் அந்தப் பிள்ளையிடம் மாட்டைப் பற்றிக் கேட்டேன்.

யாழ்ப்பாணத்து நண்பர் ‘அவர் நேற்று வந்தவர்’ என்றால் வட்டார வழக்கு என்று ரசிப்பேன். குருவிட்டக் கடைத்தெருவில் சிங்களவர் ‘மம யனவா’, ‘எயா யனவா’, ‘அபி யனவா’ என்று எல்லாருக்கும் ஒரே வினையைச் சொல்வார்கள். எழுதும்போதுதான் ஆளுக்கேற்ப விகுதி மாறும். அதை யாரும் அறியாமை என்பதில்லை. எங்கள் பிள்ளைகளின் பேச்சை மட்டும் நான் அறியாமை என்றேன். காரணம் வெட்கம். படிக்கப் போன இடத்தில் என் வாயில் ‘வந்துச்சு’ வந்தபோது சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்து பிள்ளைகள் மேல் இறக்கினேன்.

பரீட்சைத் தாளில் ‘வந்தார்’ என்று எழுதத்தான் வேண்டும். ‘வீட்ல அப்படி, தாள்ல இப்படி’ என்று சொல்லியிருந்தால் போதும். அந்தப் பிள்ளை பிறகு அம்மாவைப் பற்றி எழுதவேயில்லை. கட்டுரைக்கு ‘என் தாய்’ என்ற தலைப்பு வந்தபோதும் வேறொன்றை எடுத்தது. கவனித்தேன், பேசாமல் புள்ளி போட்டேன். மன்னிப்புக் கேட்க இன்னும் அந்த லயத்துக்குப் போகவில்லை.