உப்புக் காற்றும் குப்பைத் தொட்டியும்

மும்பையில் வர்சோவாக் கடற்கரையை அடுத்துக் குடியிருப்போரை, ஊரிலுள்ள உறவினர் பாக்கியசாலிகள் என்றே கருதுகின்றனர். மாலைக் காற்றின் சுகம் அவர்களுக்குத் தெரியும். அக்காற்று ஜன்னல் கம்பியையும் வாயிற் கதவையும் அரித்துத் தின்பது எங்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் கட்டடத்தின் வெளிப்புறம் வைத்திருந்த இரும்புக் குப்பைத் தொட்டி, வர்ணம் பூசப்பெற்றிருந்தும், இரண்டே மழைக்காலங்களில் இற்றுப்போயிற்று. அதுகூடப் பெரிதன்று. நாள்தோறும் குப்பை எடுக்க வரும் அம்மையாரின் உள்ளங்கையை அதன் துருவேறிய விளிம்பு கிழித்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு நான்கு நாட்கள் வேலையின்றி இருந்தார். அக்கூலியைக் குடியிருப்போர் யாவரும் பங்கிட்டுக் கொடுத்தோம். அடுத்த தொட்டியை விலை பார்த்தன்று, விளிம்பு பார்த்தே வாங்குவது என்றும் கூடி முடிவு செய்தோம்.

கடைக்குச் சென்றபோதுதான் எவர்சில்வர் எல்லாம் ஒன்றன்று என்பது விளங்கிற்று. 304 என்னும் வகையில் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடும், நிக்கல் 8 விழுக்காடும் உண்டு. சமையலறைக்கு அது போதும். கடலோரத்திலோ, குரோமியம் உண்டாக்கும் மெல்லிய காப்புப் படலத்தை உப்பு துளைத்துவிடுகிறது. 316 என்னும் வகையில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது நெடுநாள் தாங்கும். விலையும் அதற்கேற்ப ஏறும். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் கலந்த 200 வரிசைத் தகடோ பளபளப்பில் இவற்றுக்குச் சற்றும் இளைத்ததன்று. காந்தம் கொண்டு சோதிப்பதாலும் பயனில்லை. இம்மூன்றுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டா. ரசீதில் வகை எண்ணை எழுதித் தரும்படி கேட்பதே அன்பர்களுக்கு உகந்த வழி.

ஒன்று எங்களை வியப்பில் ஆழ்த்தியது. மழை படும் இடத்தைவிட, மழை படாத தாழ்வாரத்தில்தான் துரு விரைந்து பற்றுகிறது. மழைநீர் உப்பைக் கழுவிவிடும். தாழ்வாரத்திலோ உப்பு படிந்தபடியே ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். ஆகவே உலோகத் தொட்டியை வாரம் ஒரு முறையேனும் நன்னீர் ஊற்றிக் கழுவுதல் வேண்டும்.

முடிவில் 316க்கு எங்கள் கைப்பொருள் இடம் தரவில்லை. கெட்டியான பாலிஎதிலீன் தொட்டிகள் இரண்டு வாங்கினோம். ஈரக் குப்பைக்குப் பச்சை, உலர் குப்பைக்கு நீலம். அவை துருப்பிடிக்கமாட்டா. ஆனால் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் கலவாதவை வெயிலில் வெளிறி வெடித்துவிடும் என்பதால், அதையும் கேட்டறிந்தே வாங்கினோம். மூடிக் கீலின் ஊசி மட்டும் இரும்பாயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு 316 கம்பியில் ஓர் ஊசி செய்து மாட்டினோம். வெறுந்தொட்டி காற்றில் உருளாதிருக்க, அடியில் இரண்டு செங்கற்களும் இட்டிருக்கிறோம்.