பனிக்காலத்துக்கு வண்டி கட்டுதல்

பெருங்களத்தூரில் இருந்துகொண்டு உறைபனிச் சாலைக்கு வண்டியை ஆயத்தம் செய்வதைப் பற்றி எழுதப் புகுவது வாசக நண்பர்களுக்குச் சற்று விந்தையாகத் தோன்றலாம். மார்கழி விடியலில் இரயில் தண்டவாளங்களின்மேல் படர்ந்து ஏழரை மணிக்குள் கலைந்துவிடும் மூடுபனியைத் தவிர வேறு பனியை இவ்வூரில் நாங்கள் கண்டதில்லை. ஆயினும் கடந்த மூன்று குளிர்காலங்களாக எங்கள் வீட்டில் மிகுதியாகப் பேசப்பட்ட பொருள் இதுவே. காரணம் எங்கள் தம்பி.

அவன் இங்கே நான்கு ஆண்டுகள் குட்டி யானை ஓட்டியவன். (2005இல் டாடா நிறுவனம் கொண்டுவந்த ஏஸ் வண்டிக்குத் தமிழ்நாடு சூட்டிய பெயர் அது; எந்த விளம்பர நிறுவனத்துக்கும் இப்படியொரு பெயர் வாய்த்திருக்காது.) முடிச்சூர், வண்டலூர், ஊரப்பாக்கம் என்று வீடு மாறுவோரின் கட்டில், பீரோக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். பின்னர் மனைவியின் செவிலியர் பணியை ஒட்டிக் கனடாவின் வினிப்பெக் நகருக்குக் குடிபெயர்ந்தான். அங்கே வீடுகளுக்குத் தரை பதிக்கும் வேலை. பலகைகளையும் கருவிகளையும் ஏற்றிச்செல்ல 2010ஆம் ஆண்டின் ஃபோர்டு ரேஞ்சர் ஒன்றைப் பழையதாக வாங்கினான். ஃபோர்டு என்றதும் அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. 2022 வரை கார் உற்பத்தி நடந்த மறைமலைநகர் ஆலை எங்கள் ஜி.எஸ்.டி. சாலையில்தானே இருக்கிறது, ஆகவே நம்மூர் வண்டி என்று எடுத்துக்கொண்டார். ரேஞ்சர் அங்கே செய்யப்பட்டதல்ல என்பதை யாரும் அவரிடம் விளக்கவில்லை.

குளிர்காலத்தில் எங்களுக்குக் காலை ஆறு மணி எனில் அவனுக்கு முந்தைய நாள் மாலை ஆறரை. அவன் வேலை முடித்து வீடு திரும்பும் நேரமும் நாங்கள் காப்பி கலக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தன. அந்த அரைமணி நேரப் பேச்சில்தான் வண்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது.

முதல் இடர்ப்பாடு சொல்லிலேயே இருந்தது. பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து அவற்றுள் இரண்டைப் பனிக்கே கொடுத்தனர், முன்பனி, பின்பனி. ஆனால் அந்தப் பனி புல்நுனியில் நின்று, வெயில் ஏறினால் காணாமற்போவது. புலம்பெயர்ந்தோர் சிறுகதைகளைத் தொகுத்து எஸ்.பொ.வும் இந்திரா பார்த்தசாரதியும் 1994இல் கொண்டுவந்த நூலுக்குப் ‘பனியும் பனையும்’ என்று பெயர். நல்ல தலைப்பு. எனினும் அந்தப் பனி மாதக்கணக்கில் உருகாமல் சாலையிலேயே கிடந்து, சக்கரங்களால் மிதிபட்டு, கண்ணாடியாக இறுகி, ஒன்றரை டன் இரும்பைத் தான் நினைத்த பக்கம் திருப்பிவிடக்கூடியது என்பது நம் ‘பனி’ என்ற சொல்லுக்குள் இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும், “பனியில தலைய நனைக்காதடா, காதுக்குத் துண்டு கட்டிக்க” என்பார். சுழியத்துக்குக் கீழ் இருபது டிகிரியில் நின்றுகொண்டு அவனும், “சரிம்மா, கட்டிக்கிறேன்” என்பான்.

நிற்க. வண்டிக்கு வருவோம்.

குட்டி யானையும் ரேஞ்சரும் ஒரு வகையில் உறவினர். இரண்டிலும் உந்துவிசை பின்சக்கரங்களுக்கே செல்கிறது. இங்கே அவனுக்கு இருந்த கவலை பாரம் மிகுந்துவிடுமோ என்பது. முக்கால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் ஒன்றரை டன் ஏற்றச் சொல்லும் வாடிக்கையாளர்களோடு அவன் மல்லுக்கு நின்றதைப் பார்த்திருக்கிறோம். அங்கே கவலை தலைகீழ். இத்தகைய சிற்றுந்துகளில் இயந்திரமும் ஓட்டுநரும் முன்னால் இருக்க, பின்புறம் வெறும் தகரத்தொட்டி. பாரம் இறக்கியபின் பின்சக்கரங்களை அழுத்திப் பிடிக்க எதுவுமில்லை. பனியில் அவை நின்ற இடத்திலேயே சுழலும். வளைவில் வால் முன்னால் வந்துவிடும். ஆகவே குளிர்காலம் முழுவதும் விலை கொடுத்து வாங்கிய மணலைச் சுமந்துகொண்டே அவ்வூரார் ஓட்டுகிறார்கள். இருபத்தேழு கிலோ எடையில் நீண்ட குழல் போன்ற பைகளில் மணல் கடையில் விற்கிறது. தம்பி ஐந்து வாங்கினான்.

“மணலுக்குக் காசு குடுத்தியா? பாலாத்து மணலா?” என்று எங்களில் பொறுமை குறைந்தவர் கேட்டார்.

“இது உயிர் மணல் அண்ணி” என்றான்.

அதை வைக்கும் இடத்தில் ஒரு நுட்பம் உண்டு. பின் அச்சுக்கு நேர்மேலே, இரு சக்கர மேடுகளுக்கும் இடையில் வைக்க வேண்டும். வால்பக்கம் தள்ளி வைத்தால் துலாக்கோல்போல முன்பக்கம் எழும்பி, திருப்பும் சக்கரங்கள் பிடி இழக்கும். மேலும் அம்மூட்டைகள் நகராதபடி மரச்சட்டம் அடித்துக் கட்ட வேண்டும்; மோதலில் வண்டி நின்றாலும் மணல் நிற்பதில்லை, ஓட்டுநரின் முதுகை நோக்கி வரும். கட்டில் பீரோ கட்டிப் பழகிய கைக்கு இது புதிதன்று. இங்கிருந்து போகும்போது, துணிப்பெட்டிக்குள் பாரம் கட்டும் நைலான் கயிற்றையும் வைத்துக்கொண்டு போனவன் அவன். அதை அன்று கேலி செய்தோம்.

டயர் விஷயத்தில்தான் நீண்ட வாதம். எங்கள் பகுதியில் டயர் என்றால் பட்டன் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்போம், தேய்ந்திருந்தால் ரீபட்டன் போடுவோம். ரப்பரின் தன்மை பற்றி யாரும் பேசுவதில்லை. சுமார் ஏழு டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்குகிறது என்றும், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் விறைத்த ரப்பர் சாலையைப் பற்றாது என்றும் அவன் சொல்லித்தான் அறிந்தோம். குளிர்கால டயர் கடுங்குளிரிலும் இளகி நிற்கும்படி வேறு கலவையில் வார்க்கப்படுகிறது. அதன் பட்டன்களில் மயிரிழை போன்ற கீறல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மும்முகட்டு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருப்பது அதன் அடையாளம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அதைப் பூட்டியிருப்பது சட்டம். மானிட்டோபாவில் சட்டமில்லை, அவரவர் அறிவுக்கு விடப்பட்டிருக்கிறது.

சட்டமில்லாத இடத்தில் பணம் பேசத் தொடங்கிவிடுகிறது. பின்சக்கரங்கள்தாமே உந்துகின்றன, அவற்றுக்கு மட்டும் இரண்டு வாங்கினால் போதாதா என்பது தம்பியின் முதல் கணக்கு. அவன் வேலையிடத்து மூத்த தச்சர் ஒருவர் இதற்குச் சொன்ன மறுமொழியை நாங்கள் இன்றும் நினைத்துக்கொள்கிறோம். வண்டி கிளம்புவதற்குப் பின்சக்கரம் போதும். நிற்பதற்கும் திரும்புவதற்கும் முன்சக்கரம் வேண்டும். உனக்கு எது முக்கியம் என்று கேட்டாராம். நான்கு சக்கர உந்துவிசை கொண்ட பெரிய வண்டிக்காரர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள் போலும். நான்கு சக்கரமும் உந்தினால் எளிதில் புறப்படலாம், ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரமே, நான்கு பிரேக்கே. புயல் ஓய்ந்த காலையில் சாலையோரப் பள்ளங்களில் கிடப்பவற்றுள் அத்தகைய வண்டிகள் குறைவில்லை என்று அவன் சொல்வதுண்டு. கடைசியில் நான்கும் வாங்கினான். அம்மாதம் எங்களுக்கு அனுப்ப வேண்டிய பணம் வரவில்லை. வராதது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

இன்னொன்று. கடுங்குளிரைவிடச் சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையே வழுக்கலில் கொடியது. மிகக் குளிர்ந்த பனிக்கட்டி ஓரளவு சொரசொரப்பாக இருக்கும். இளகத் தொடங்கிய பனிக்கட்டிமேல்தான் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. “இன்னைக்குக் குளிர் கொறஞ்சிருக்கு” என்று அவன் சொன்னால் மகிழ்ந்து பழகியிருந்த நாங்கள், அதன்பின் அச்செய்திக்கு மகிழ்வதை நிறுத்திக்கொண்டோம்.

அவன் அனுப்பிய படங்களுள் அம்மாவைப் பெரிதும் கவர்ந்தது வண்டியின் முகப்பிலிருந்து நாக்குப்போலத் தொங்கிய மின்செருகி. இயந்திரத்துக்குள் ஓடும் குளிர்விப்பு நீர்மத்தைச் சூடாக்கும் கம்பி அது. இரவில் வீட்டு மின்சாரத்தில் செருகி வைக்கிறார்கள். வினிப்பெக்கின் வண்டி நிறுத்தங்களில் அதற்கென்றே வரிசையாகச் செருகுகுழிகள் இருக்கின்றன. நள்ளிரவு முழுதும் ஓட வேண்டியதில்லை, கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பு ஓடத் தொடங்கினால் போதும். குளிர்விப்பு நீர்மம் என்றோம். இங்கே நம் பட்டறைகளில் ரேடியேட்டரில் போர்த் தண்ணீரையே ஊற்றி அனுப்புவார்கள், அதற்கும் வண்டி ஓடும். அங்கே ஊற்றினால் ஒரே இரவில் நீர் உறைந்து பருத்து இயந்திரத்தின் இரும்பையே பிளந்துவிடும். கிளைக்காலும் நீரும் செம்பாதியாகக் கலந்தால் சுழியத்துக்குக் கீழ் முப்பத்தைந்துக்கும் அப்பால்வரை தாங்கும். கண்ணாடி கழுவும் நீரும் அப்படியே, உறையாத வகை. பாட்டரி கடுங்குளிரில் தன் வலுவில் பாதியை இழந்துவிடுகிறது. உப்பு தூவிய சாலை அடித்தகட்டைத் தின்றுவிடுவதால் ஆண்டுதோறும் அடியில் எண்ணெய் பீய்ச்ச வேண்டும். கடற்கரையோரம் வண்டி வைத்திருப்போருக்கு இத்துருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இவையெல்லாம் வண்டியை ஓடவைப்பதற்கான ஏற்பாடுகள். எங்களை உறங்கவிடாமற் செய்தது வேறொரு பெட்டி. வண்டி ஓடாமல் நின்றுவிட்டால் என்ற கேள்விக்கான பெட்டி. மண்வாரி, கம்பளிகள் இரண்டு, தகரக் குவளைக்குள் தடித்த மெழுகுவத்தி, தீப்பெட்டி, கைவிளக்கு, கடலை மிட்டாய், மாற்றுக் காலுறைகள். எரிபொருள் எப்போதும் பாதிக்குக் குறையக் கூடாது. புயலில் அகப்பட்டால் வண்டியை விட்டு அகலக் கூடாது. மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இயந்திரத்தை ஓட்டிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு இறங்கிச் சைலன்சரின் வாயை மூடியிருக்கும் பனியை அகற்ற வேண்டும்.

சைலன்சர் என்றதும் எங்களுக்கு 2015 நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் பெய்யத் தொடங்கிய மழை இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. என்று பதிவாயிற்று. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. தம்பி குட்டி யானையில் மக்களை ஏற்றி வந்தான். தண்ணீரில் முதல் கியரைவிட்டு மாறக் கூடாது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் சைலன்சர் வழியே நீர் ஏறி வண்டி செத்துவிடும் என்பது அன்று அவன் எங்களுக்குக் கற்பித்த பாடம். பனியில் இப்பாடம் கொடூரமாகத் திரும்புகிறது. சைலன்சரைப் பனி அடைத்தால் வண்டி சாவதில்லை, இதமாக ஓடிக்கொண்டே இருக்கும். கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்து, இருப்பவர்தாம் உறங்கிப் போவார்கள். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

சென்ற சனவரியில் அப்பெட்டி திறக்கப்பட்டது. வினிப்பெக்கிலிருந்து தெற்கே அமெரிக்க எல்லைக்குச் செல்லும் 75ஆம் எண் நெடுஞ்சாலையில் மோரிஸ் என்ற சிற்றூரில் வேலை. சிவப்பாற்றின் சமவெளி அது. மலையில்லை, மரம் குறைவு, காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. (1997 பெருவெள்ளத்தில் கரைகட்டிக் காக்கப்பட்டுத் தீவாக நின்ற ஊராம். நீரும் பனியும் ஒரே ஊரை மாறிமாறிச் சோதிக்கின்றன.) திரும்பும் வழியில் புதிதாகப் பனி பெய்யவில்லை, கிடந்த பனியையே காற்று வாரி எழுப்பியது. முன்னால் சென்ற வண்டியின் சிவப்பு விளக்கு மறைந்ததும், எதிரில் நின்றிருந்த வாகன வரிசைக்குப் பின்னால் ஒதுங்கி நிறுத்திவிட்டான். எங்களுக்கு அப்போது விடியற்காலை ஐந்தரை. “நின்னுட்டேன். மணிக்கு ஒருதடவ வண்டிய ஓட்டும்போது போனைச் சார்ஜ் போட்டு மெசேஜ் அனுப்புறேன். கூப்பிடாதீங்க” என்று எழுதியிருந்தான்.

ஆறரைக்கு ‘சரி’ என்று ஒற்றைச் சொல் வந்தது. ஏழரைக்கும் எட்டரைக்கும் வந்தது. எட்டரைச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்குக் கிளம்பினோம். ஒன்பதரைக்கு வரவில்லை.

பெட்டியில் என்னென்ன இருக்கின்றன என்பது எங்களுக்கு மனப்பாடம். மெழுகுவத்தியின் நீளம்கூடத் தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்க வேண்டும் என்பது அவனுக்கு நினைவிருக்குமா என்று ஒருவர் வகுப்பறை வாசலிலிருந்தும் மற்றவர் வீட்டிலிருந்தும் எழுதிக்கொண்டிருந்தோம், ஒருவருக்கொருவர். அவனுக்கு எழுதினால் பாட்டரி தீர்ந்துவிடுமே. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவரும் எங்களைப் போலவே உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

பத்து இருபதுக்கு வந்தது. சைலன்சரைத் தோண்டி எடுக்க இறங்கியிருக்கிறான். கதவுப் பிடியில் நைலான் கயிற்றைக் கட்டி மறுமுனையை இடுப்பில் முடிந்துகொண்டு போனானாம். அச்சமவெளியின் உழவர்கள் பனிப்புயலில் வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டிலுக்குக் கயிறு பிடித்தே செல்வார்கள் என்று அந்தத் தச்சர் கதையாகச் சொல்லியிருந்தார். திரும்பி உள்ளே வந்தபோது விரல்கள் மரத்து எழுத்தை அழுத்த முடியவில்லை. அரைமணி நேரம் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான்.

நண்பகல் தாண்டிப் பனி அகற்றும் வண்டி வந்து வரிசை நகர்ந்தது. கிளம்பும்போது பின்சக்கரம் சுழன்றதால், மணல் தூவலாமென்று ஒரு மூட்டையை அறுத்திருக்கிறான். ஈரம் உறைந்து அது பாறையாகிக் கிடந்தது. முன்னால் நின்ற லாரிக்காரர் கொடுத்த மணலைத் தூவித்தான் வண்டியை எடுத்தான்.

வீடு சேர்ந்து அழைத்தபோது அவன் முதலில் பேசியது இதைத்தான். “அண்ணா, நாலு மூட்ட பின்னால கெடக்கட்டும். ஒன்ன மட்டும் நல்லா காயவச்சு, டப்பாவுல போட்டு, சீட்டுக்குப் பின்னால வைக்கணும். எழுதிக்குங்க, அடுத்த வருஷம் மறந்துருவேன்.”

எழுதிக்கொண்டோம். அடுப்படி நாட்காட்டியின் பின்பக்கத்தில், பால்கணக்குக்குக் கீழே இருக்கிறது.