யெத்வாப்னேயின் எல்லைக்கோடுகள்

2025 ஜூலையில் ஒரு செய்தி படித்தேன். போலந்தின் வடகிழக்கில் யெத்வாப்னே என்றொரு சின்ன ஊர். 1941இல் அங்கே எரித்துக் கொல்லப்பட்ட யூதர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. அதன் பக்கத்தில் பெரிய பாறாங்கற்களைக் கொண்டுவந்து இறக்கி, அவற்றில் பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். கொன்றது ஊர்க்காரர்கள் இல்லை, ஜெர்மானியர்கள்தான் என்று நிறுவுவதே அந்தப் பலகைகளின் நோக்கம். கற்களை நினைவிடத்துக்குள் வைக்கவில்லை. அதை ஒட்டிய தனியார் நிலத்தில் வைத்திருக்கிறார்கள்.

"ஒட்டிய தனியார் நிலம்" என்ற சொற்களில் என் கண் நின்றுவிட்டது. அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். நினைவிடத்தின் எல்லை எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று அன்று நான் கவனிக்கவே இல்லை. கவனித்திருக்க வேண்டும். அதனால்தான் தோழர்களே, இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனித உரிமைப் பயிற்சிக்காக வார்சாவில் இருந்தேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் வகுப்பு. உடன் படித்த போலந்துத் தோழி ஒருத்தியிடம் யெத்வாப்னே போக வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "என் பாட்டியிடம் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே பேச்சை மாற்றிவிடுவார். போகலாம், நானும் வருகிறேன்" என்றாள்.

வோம்ஜா நகரம்வரை ஒரு பேருந்து. அங்கிருந்து யெத்வாப்னே இருபது கிலோமீட்டர் அளவில்தான். வழி நெடுக மேடும் பள்ளமுமாக மேய்ச்சல் நிலம், மாடுகள், உருளையாகச் சுருட்டிய வைக்கோல். 'யெத்வாப்' என்றால் போலந்து மொழியில் பட்டு. பட்டுப் போன்ற ஊர் என்று தோழி பெயரை விளக்கினாள். 1736இல் நகர உரிமை பெற்ற ஊர் அது. இன்று நகரத்துக்குள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. நம் கண்ணுக்கு அது கிராமம்தான்.

சந்தைச் சதுக்கத்தில் இறங்கியதும் உள்ளாட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைத் தேடிப் போனேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அதைப் படிப்பது என் பழக்கம். அந்த ஊரில் யாருக்கு என்ன அதிகாரம் என்பதைக் கோயில் கோபுரத்தைவிட அறிவிப்புப் பலகை தெளிவாகச் சொல்லும். தோழி ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். குப்பை வண்டி வரும் நாட்கள், நில ஏலம், பக்கத்துக் கிராமத்தில் நடக்கப்போகும் கூட்டம். எல்லாத் தாளிலும் ஒரே அலுவலகத்தின் முத்திரை.

அந்த ஒரே முத்திரையைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதை புரியாது. ஆகவே கொஞ்சம் நிர்வாகப் பாடம்.

போலந்தில் அடிமட்ட உள்ளாட்சிக்கு 'க்மினா' என்று பெயர். நாடு முழுக்க ஏறக்குறைய 2,500 க்மினாக்கள். அதற்கு மேலே மாவட்டம் போன்ற 'பொவியாத்', அதற்கும் மேலே மாகாணம். 1999இல் 49 மாகாணங்களை 16 ஆகச் சுருக்கி, 1975இல் ஒழித்த பொவியாத்துகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது யெத்வாப்னே, பழைய வோம்ஜா மாகாணத்திலிருந்து பொட்லாஸ்கியே மாகாணத்தின் வோம்ஜா பொவியாத்துக்கு வந்தது.

க்மினாக்களில் மூன்று வகை: நகர்ப்புறம், ஊர்ப்புறம், இரண்டும் கலந்த நகர்-ஊர் க்மினா. யெத்வாப்னே மூன்றாவது வகை. ஒரு சிறு நகரமும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்து ஒரே மன்றம், ஒரே மேயர், ஒரே வரவு செலவுத் திட்டம். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 159 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஐயாயிரத்தை ஒட்டி. நகரத்தைவிடக் கிராமங்களில்தான் ஆட்கள் அதிகம். புள்ளியியல் அலுவலகம் மட்டும் இதைப் பிரித்து எழுதும். நகர்-ஊர் க்மினாவின் குறியீடு 3 என்ற எண்ணில் முடியும், அதற்குள் இருக்கும் நகரப் பகுதிக்கு 4, ஊர்ப் பகுதிக்கு 5. கணக்கில் இரண்டு, அதிகாரத்தில் ஒன்று.

1990 மார்ச் 8ஆம் தேதிச் சட்டம்தான் க்மினாவுக்கு இன்றைய உயிரைக் கொடுத்தது. கம்யூனிச ஆட்சிக்காலத்தில் உள்ளாட்சி என்பது மேலிடத்து உத்தரவை நிறைவேற்றும் கிளை. 1990க்குப் பிறகு க்மினா சட்டப்படி தனி ஆள். சொந்தமாக நிலம் வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம், வரி வாங்கலாம். குடிநீர், கழிவுநீர், குப்பை, உள்ளூர்ச் சாலை, தொடக்கப் பள்ளி, நூலகம், பொதுக் கல்லறை, எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற திட்டம் எல்லாம் அதன் பொறுப்பு. இருபதாயிரம் பேருக்குக் குறைவான க்மினாவில் மன்றத்துக்கு 15 உறுப்பினர்கள். கிராமங்களுக்குச் 'சொவ்டிஸ்' என்றொரு தலைவர் உண்டு. கிராமத்தில் வாழும் வயதுவந்தவர்கள் கூட்டம் போட்டு அவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 2009இல் வந்த சட்டப்படி, மன்றம் சம்மதித்தால் கிராமத்துக்கென்று தனி நிதி ஒதுக்கலாம். அதை எதற்குச் செலவழிப்பது என்று அந்தக் கூட்டமே முடிவு செய்யும்.

படிக்கும்போது எனக்குப் பிடித்திருந்தது. அதிகாரம் மக்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதானே நாமும் பேசுகிறோம்? ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் யார், பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

க்மினாவின் கிழக்கு ஓரத்தில் பியெப்ஜா ஆறு. இரு கரையும் பரந்த சதுப்பு நிலம். 1993இல் அமைத்த பியெப்ஜா தேசியப் பூங்கா போலந்திலேயே பெரியது. புஜின் கிராமத்து மேட்டில் நின்றால் வெள்ளம் பரவிய ஆற்றுப் பள்ளத்தாக்கு கண்ணுக்கு எட்டிய தூரம் தெரியும். ப்ஷொஸ்தோவோ கிராமத்து மாடுகள் ஆற்றை நீந்திக் கடந்து அக்கரைக்கு மேயப் போகும். பார்க்க அவ்வளவு அழகு. பறவை பார்க்க வரும் பயணிகள் பலர் யெத்வாப்னே நகரத்துக்குள் நுழையாமலே திரும்பிவிடுவார்களாம்.

நாங்கள் நுழைந்தோம். சதுக்கத்தில் ஒருவரிடம் நினைவிடம் எங்கே என்று தோழி கேட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

நடக்கும் தூரம்தான். 1941 ஜூலை 10 அன்று அவர்களும் அந்தச் சதுக்கத்திலிருந்து நடத்தித்தான் கொண்டுபோகப்பட்டார்கள்.

போருக்கு முன் அந்த நகரத்தில் பாதிக்கு மேல் யூதர்கள். தையல்காரர், செருப்புத் தைப்பவர், கடைக்காரர், வண்டிக்காரர் என்று சதுக்கத்தைச் சுற்றியே அவர்கள் வாழ்க்கை. 1939 செப்டம்பருக்குப் பிறகு ஊர் சோவியத் கையில் இருந்தது. 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி படையெடுத்தது. சில நாட்களில் ஊர் நாஜிகளிடம் போனது. அவர்களின் கீழ் மாரியான் கரோலாக் என்பவர் மேயராக இருந்தார். ஜூலை 10 காலை, சதுக்கத்தில் கற்களுக்கிடையே முளைத்த புல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லி யூதர்களை வீட்டிலிருந்து வெளியே விரட்டினார்கள். விரட்டியவர்கள் அடுத்த வீட்டுக்காரர்கள். மேயரும் நகராட்சி ஆட்களும் அன்று ஆண்களைத் திரட்டியதைப் போருக்குப் பிந்தைய விசாரணைச் சாட்சியங்கள் சொல்கின்றன. ஒரு குழுவை லெனின் சிலையைச் சுமக்க வைத்துக் கொன்றார்கள். மற்றவர்களை, குழந்தைகள் உட்பட, ஒரு வைக்கோல் கொட்டகைக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள்.

புல் பிடுங்கு, சதுக்கத்தைச் சுத்தம் செய். இது எந்த உள்ளாட்சியும் எந்த நாளும் சொல்லக்கூடிய வேலை. கொலை அன்று அந்த வேலையின் பெயரில் வந்தது. கல்லின் முன் நின்றபோது என்னை ஆட்டியது இதுதான்.

1949இல் வோம்ஜாவில் 22 பேர் மீது வழக்கு நடந்தது. 12 பேருக்குத் தண்டனை. அப்புறம் நீண்ட அமைதி. 1960களில் அங்கே ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். கெஸ்டபோவும் ஜெர்மானியக் காவல் படையும் 1,600 பேரை உயிரோடு எரித்ததாக அதில் எழுதியிருந்தது. பொய் கல்லில் ஏறியது, அரசு முத்திரையோடு. 2000இல் யான் டோமாஷ் கிராஸ் தன் நூலில் அதை உடைத்தார். நாடே கொந்தளித்தது. தேசிய நினைவு நிறுவனம் விசாரணை நடத்தியது. இறந்தவர்கள் குறைந்தது 340 பேர், நாஜிகள் தூண்டினார்கள், கைகளால் செய்தவர்கள் போலந்துக்காரர்கள், குறைந்தது நாற்பது ஆண்கள் என்றது. 2001 மார்ச்சில் பழைய கல்லை எடுத்தார்கள்.

இங்கேதான் க்மினா மறுபடி வருகிறது. அப்போதைய மேயர் கிஷிஸ்தோஃப் கொத்லெவ்ஸ்கி. உண்மையை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நின்ற மனிதர். 2001 ஜூலை 10, அறுபதாம் ஆண்டு நிகழ்ச்சிக்கு அதிபர் அலெக்சாண்டர் க்வாஷ்னியெவ்ஸ்கி வந்து மன்னிப்புக் கேட்டார். ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வரவில்லை. பங்குத்தந்தையும் வரவில்லை. மேயர் வந்தார். அந்த ஆண்டே அவர் பதவி விலக வேண்டியதாயிற்று. மன்றம் அவரோடு இல்லை.

அன்றைய சட்டப்படி மேயரைத் தேர்ந்தெடுப்பது மன்றம். 2002இலிருந்துதான் மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். இரண்டில் எது இருந்தாலும் ஒரு சிக்கல் தீராது. கொல்லப்பட்டவர்களுக்கு வாக்கு இல்லை. தப்பியவர்களின் பிள்ளைகள் வேறு நாடுகளில். ஒரு மக்கள் கூட்டத்தையே ஊரிலிருந்து துடைத்துவிட்ட பிறகு, மிச்சமிருப்பவர்கள் கூடிக் கை தூக்கினால் அது முறைப்படி ஜனநாயகம்தான். தீர்மானப் புத்தகத்தில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் வெறுமையாகக் கிடக்கும் அந்த நாற்காலிகளுக்காக யார் பேசுவது?

திரும்பும் வழியில் இதைத் தோழியிடம் சொன்னேன். "அப்படியானால் எல்லாவற்றையும் வார்சா முடிவு செய்யட்டும் என்கிறாயா?" என்று கேட்டாள். என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. தலைநகரம்தானே நாற்பது ஆண்டுகள் பொய்யைக் கல்லில் நிற்க விட்டது? 2018இல் நாஜிக் குற்றங்களுக்குப் போலந்து மக்களைப் பொறுப்பாக்கிப் பேசினால் சிறை என்று சட்டம் போட்டதும் தலைநகரம்தான். உலகம் எதிர்த்த பிறகு அதே ஆண்டு ஜூனில் சிறைத் தண்டனையை எடுத்தார்கள்.

புதிய நினைவுக்கல்லின் நடுவே கருகிய மரத்தைப் போன்ற பலகை இருக்கிறது. போலந்து, எபிரேய, யித்திஷ் மொழிகளில் எழுத்து. இந்த மண்ணின் குடிகளான ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் இங்கே கொல்லப்பட்டார்கள், உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்கிறது. யார் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. எழுவாய் இல்லாத வாக்கியம். 2011இல் யாரோ அதன் மீது ஸ்வஸ்திகா வரைந்து, மன்னிப்புக் கேட்க மாட்டோம் என்று எழுதினார்கள். 2025இல் கற்கள் வந்தன. எழுவாயை எழுதாமல் விட்ட இடத்தில், வேறு ஒருவன் தனக்கு வேண்டிய எழுவாயைக் கொண்டுவந்து நட்டுவிட்டான். அதற்கு அவனுக்குத் தேவைப்பட்டது பக்கத்தில் ஒரு துண்டு நிலம் மட்டும்.

இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். அதே க்மினாவில் யான்செவ்கோ என்றொரு சிறு கிராமம். அங்கே அன்டோனினா விஜிகோவ்ஸ்கா என்ற விவசாயப் பெண் ஏழு யூதர்களைத் தன் பண்ணையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மறைத்து வைத்துக் காப்பாற்றினார். போர் முடிந்ததும் அவரைத் தேடி வந்து அடித்தார்கள். ஊரை விட்டே போனார். 1976இல் இஸ்ரேலின் யாத் வஷெம் அவரைக் கௌரவித்தது. 2011இல் இறந்தார். ஒரே அலுவலகத்தின் எல்லைக்குள்தான் கொட்டகையும் இருந்தது, அந்தப் பண்ணையும் இருந்தது. "அந்தக் காலம் அப்படி, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்று யாராவது சொன்னால் யான்செவ்கோவை நினைவில் கொள்ளுங்கள்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. அநீதி நடந்த இடத்துக்குப் போனால் கல்லைப் படிப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, அடுத்த நிலம் யாருடையது, அங்கே போகும் சாலை எந்த நிர்வாகத்தின் கையில், அந்தக் கல்லுக்கு யார் பணம் ஒதுக்கினார்கள், மன்றத்தில் யார் எதிர்த்தார்கள் என்று கேளுங்கள். பதில்கள் எல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும். நான் அன்று கேட்கவில்லை. கண்ணீரோடு கல்லைத் தொட்டுவிட்டு, மாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.

அடுத்த முறை போனால் முதலில் நில வரைபடத்தைக் கேட்பேன்.