கேட்பவருக்கும் தகுதி வேண்டும்

முற்றத்தில் பாய் விரித்து இருந்து கதைக்கத் தொடங்கியதும் அம்மாமார் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பிள்ளை, நீர் டொக்டரோ?" இல்லை என்பேன். "அப்ப நேர்ஸோ?" அதுவும் இல்லை. "அப்ப என்ன படிச்சனீர்?"

இக்கேள்வியை நான் குறையாக எடுப்பதில்லை. தன் மனத்தைத் திறக்கப்போகும் ஒரு பெண்ணுக்கு, அதைக் கேட்க வந்திருப்பவர் யார், என்ன கற்றவர் என்று அறியும் உரிமை உண்டு. ஆனால் எம்மில் பலர் அவ்வாறு கேட்கத் தயங்குகின்றோம். உதவி செய்ய வந்தவரிடம் கேள்வி கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கின்றோம்.

முதலில், எம்மிடம் வருவோர் எல்லோரும் ஒரே வேலை செய்பவர்கள் அல்லர். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்று, அதன்மேல் மனநோய் மருத்துவம் கற்றவர். இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு பெற்றவர். மருந்து எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. உளவளத்துணையாளர் மருந்து தருவதில்லை. நாம் சொல்வதைக் கேட்டு, எமது முடிவை நாமே எடுக்கத் துணை நிற்பது அவரது பணி. சமூகப் பணியாளர் மனத்தோடு வாழ்க்கை நிலையையும் சேர்த்துப் பார்ப்பார். பிள்ளையின் படிப்பு, காணிப் பிரச்சினை, பிரதேச செயலகத்தில் தேங்கிக் கிடக்கும் விண்ணப்பம் எல்லாம் அவருடைய வேலைக்குள் வரும். மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் உளமருத்துவ சமூகப் பணியாளர்கள் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் இடையே பாலமாக நிற்கின்றார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். சீதனம், சாதி, வறுமை, இடப்பெயர்வு என்பன ஒரு பெண்ணின் வாழ்வை எவ்வாறு நெருக்குகின்றன என்பதை அப்படிப்பு எனக்குக் காட்டியது. ஆனால் கணவன் காணாமற்போன ஒரு பெண்ணின் முன்னால் எப்போது பேசவேண்டும், எப்போது பேசாதிருக்கவேண்டும் என்பதை அது கற்பிக்கவில்லை. கற்பிப்பது அதன் வேலையும் அன்று. சமூகவியல் பட்டம் வேறு, சமூகப் பணிப் பயிற்சி வேறு.

அப்பயிற்சிக்கு எமது நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. 1952ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட சமூகப் பணிக் கல்வி நிறுவனம், 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று. சமூகப் பணியில் டிப்ளோமாவை நடத்திவந்த அந்நிறுவகம் 2005ஆம் ஆண்டு சமூகப் பணிப் பட்டப்படிப்பையும் தொடங்கியது. இப்படிப்பின் உயிர் களப்பயிற்சி. மாணவி ஒரு குடும்பத்தோடு வேலை செய்வாள். அனுபவமுள்ள மேற்பார்வையாளர் அதைப் பார்த்துத் திருத்துவார். புத்தகத்தை மட்டும் படித்து நீந்தக் கற்றவர் உண்டோ?

அனுமதிப்பத்திரம் என்பது இன்னொரு படி. எமது உறவினர் பலர் வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அங்கு பதிவு பெறாத ஒருவர் தம்மைச் 'சமூகப் பணியாளர்' என்று அழைத்துக்கொள்ள முடியாது. தவறு செய்தால் முறையிட ஓர் இடமுண்டு. பதிவு பறிபோகவும் கூடும். நான் இத்துறைக்கு வந்தபோது எமது நாட்டில் உளவளத்துணையாளருக்கு அவ்வாறான சட்டப்படியான அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் சில நாட்பயிற்சியோடு பலர் 'கவுன்சிலிங்' செய்யப் புறப்பட்டனர். அவர்களுட் பலர் நல்ல மனத்தோடு வந்தவர்களே. ஆயினும் பத்துப் பேர் முன்னிலையில் இழப்பைச் சொல்ல வைத்து, அழவிட்டு, அடுத்த கிழமை வராமலே போனவர்களைப் பற்றிப் பெண்கள் இன்றும் என்னிடம் சொல்கின்றார்கள். புண்ணைத் திறந்தவர் அதைக் கட்டவும் தெரிந்திருக்க வேண்டாமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர் எட்டு ஆண்டுகள் கிராமம் கிராமமாகச் சைக்கிளில் போனவர். தானும் கணவனை இழந்தவர். எந்த வீட்டில் எந்தப் பெண் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய கல்விச் சான்றிதழ்கள் இடப்பெயர்வோடு போய்விட்டன. நிரந்தர வேலைக்கு ஆட்களைச் சேர்த்தபோது பட்டம் இருந்ததால் நான் உள்ளே போனேன். அவர் வெளியே நின்றார். "நீர் போம் தங்கச்சி, எனக்குப் பழகிப்போச்சு" என்றார். அந்த வார்த்தை இன்னும் என் மனத்தில் கிடக்கிறது.

ஆகவே தகுதியைக் கண்டிப்பாகக் கேட்கவும் வேண்டும். அத்தகுதியைப் பெறும் வழியை அந்த அக்கா போன்றோருக்குத் திறந்துவிடவும் வேண்டும். தமிழ்மொழி மூலம், வார இறுதி வகுப்பு, பிள்ளையை விட்டுவர ஓர் இடம், களத்தில் கழித்த ஆண்டுகளுக்கு ஒரு மதிப்பு என்பன இல்லாமல் சட்டம் மட்டும் வந்தால், அனுபவமுள்ள பெண்கள்தாம் முதலில் வெளியே தள்ளப்படுவார்கள். சான்றிதழ் தொலைத்தவர்கள் மனந்தளரவேண்டாம். பரீட்சைப் பெறுபேற்றின் பிரதியைப் பரீட்சைத் திணைக்களத்தில் பெறலாம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், உளவளத்துணை பெறுமாறு நீதிமன்றமே கட்டளையிடலாம். அடிபட்ட பெண்ணிடம் "பொறுத்துப் போ" என்று மட்டும் சொல்லத் தெரிந்த ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தால் என்ன நடக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள்.

சகோதரிகளே, இனி ஒருவர் உங்கள் துயரத்தைக் கேட்க வந்தால் நான்கு விடயங்களை அவரிடம் கேளுங்கள். எங்கே, எவ்வளவு காலம் பயின்றீர்கள்? உங்களை மேற்பார்வை செய்பவர் யார்? நான் சொல்வது யாருக்குத் தெரியவரும்? அடுத்த முறையும் நீங்களே வருவீர்களா? உயிருக்கு ஆபத்து என்றால் பிறருக்குச் சொல்லவேண்டி வரும் என்பதை நல்ல பணியாளர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். உடனே யாரோடாவது பேசவேண்டிய நிலை வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் மகளிருக்கான 1938 என்ற இலக்கமும் உண்டு.

உங்கள் மகள் சமூகப் பணி படிக்க விரும்பினால் "அதில் என்ன வரும்படி?" என்று தடுத்துவிடாதீர்கள். எமது மொழியில், எமது வலி தெரிந்து, முறையாகக் கற்றுவரும் பெண்கள் இந்த மண்ணுக்கு இன்னும் நிறையத் தேவை.