மலைச்சாலையில் மண் தள்ளும் பிளேடு

டிராக்டரின் முன்புறமோ பின்புறமோ பொருத்தி மண்ணையும் பனியையும் வழித்து ஒதுக்கப் பயன்படும் வளைந்த எஃகுத் தகடு, பொதுவாக பிளேடு என்றே வழங்கப்படுகிறது. இமயமலைப் பகுதிகளிலும், தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடா போன்ற நாடுகளிலும் அது குளிர்காலக் கருவி. நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கினாலும், தள்ளி ஒதுக்கும் அளவுக்கு வெண்பனி பொழிவதில்லை என்பதால், அம்மாவட்டத்தின் கேத்திப் பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அது மழைக்காலத்துக்கு உரியது. தொட்டபெட்டா சிகரத்தின் கிழக்குப் பக்கம் அமைந்த இப்பள்ளத்தாக்குக்குத் தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்குப் பருவமழையால்தான் ஆபத்து மிகுதி. 2009 நவம்பர் 10 அன்று, 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை கேத்தியில் பதிவானது. அந்த மழை நாள்களில் மாவட்டம் முழுவதும் ஏற்பட்ட நூற்றுக்கணக்கான மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், சாலைகளும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன.

அத்தகைய பெருஞ்சரிவுகளை அகற்றுவது ஜேசிபி, பொக்லைன் இயந்திரங்களின் வேலை. அவை போன பின்பு சாலையில் எஞ்சும் சேற்றுப் படலத்தை வழிப்பதற்கும், தேயிலை எஸ்டேட்களின் மண்சாலைகளில் மழை அரித்த பள்ளங்களை நிரவுவதற்கும் டிராக்டர் பிளேடே ஏற்றது. ஹாரி ஃபெர்குசன் உருவாக்கிப் பரவலாக்கிய மும்முனை இணைப்பு, அதாவது கீழே இரண்டு கைகளும் மேலே ஒரு கம்பியுமாகக் கருவியைத் தாங்கி ஹைட்ராலிக் அழுத்தத்தால் ஏற்றி இறக்கும் அமைப்பு, பின்பக்க பிளேடைச் சில நிமிடங்களில் மாட்டவும் கழற்றவும் வழி செய்கிறது. மேல் கம்பியின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும், வெட்டு விளிம்பு எவ்வளவு சாய்ந்து மண்ணைக் கடிக்க வேண்டும் என்பதை ஓட்டுநர் தீர்மானிக்கிறார். தகட்டைக் கிடைமட்டமாகத் திருப்பி ஒரு பக்கம் கோணமாக வைத்தால், வழிக்கப்பட்ட மண் முன்னே குவியாமல் அதன் வளைவில் உருண்டு ஓரத்தில் வரப்புபோல் விழும். பனியை ஒதுக்கும்போதும் முறை இதுதான், ஆனால் சரளைக்கற்களைப் பெயர்த்துவிடாதபடி தகட்டின் அடியில் சறுக்குப் பாதங்கள் பொருத்தி விளிம்பைத் தரையிலிருந்து சற்றே உயர்த்தி வைப்பார்கள்.

கேத்தியில் இந்தக் கருவியைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, வழித்த மண் எங்கே போகிறது என்பது. பள்ளத்தாக்குப் பக்கம் தள்ளிவிடுவது எளிது, சாலையும் உடனே திறந்துவிடும். ஆனால் அங்கே இறுகாமல் கிடக்கும் மண் அடுத்த மழையில் நீரை உறிஞ்சிக் கனத்து, கீழேயுள்ள கேரட் பாத்திகளையும் வீடுகளையும் நோக்கிச் சரியக்கூடும். வடிகாலுக்குள் தள்ளினாலும் கேடு குறையாது, ஏனெனில் போக வழியில்லாத நீர் சாலையின் மேல் ஓடி அதன் வெளி விளிம்பையே அரித்துவிடும். மேற்பக்கச் சரிவின் அடிவாரத்தை பிளேடால் சுரண்டுவது இவை எல்லாவற்றையும்விட மோசமான செயல், காரணம் அந்த அடி மண்தான் மேலேயுள்ள மண்ணைத் தாங்கி நிற்கிறது. பாறையின் மேல் ஆழமாகச் சிதைந்த செம்மண் படிந்த இம்மலையில் நீர் ஊறிய மண் எச்சரிக்கையின்றிப் பெயர்கிறது. ஆகவே மண்ணை இரு திசையிலும் தள்ளாமல், சாலையின் நீளவாக்கில் இழுத்துச் சென்று, சமமான இடத்தில் கொட்டுவதே சரியான வழி. அதற்கு நேரமும் டீசலும் கூடுதலாகச் செலவாகும், அந்தச் செலவைச் செய்துதான் ஆக வேண்டும்.

டிராக்டர் எளிதில் கவிழக்கூடிய வண்டி. சரிவின் குறுக்காக ஓட்டுவதும், பிளேடை உயரத் தூக்கியபடி செல்வதும், நனைந்து இளகிய வெளி ஓரத்தை நோக்கிப் பின்புறமாக ஓட்டுவதும் இம்மலையில் ஒருபோதும் கூடாது.

வேலை முடிந்த பிறகு பிளேடைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. தேயிலை நிலத்து மண் அமிலத்தன்மை உடையது. அது ஒட்டியிருக்கும் இடத்தில் மூடுபனியின் ஈரமும் சேர்ந்தால், மண் உராய்ந்து பெயிண்ட் தேய்ந்து பளபளவென்றிருக்கும் முகப்பு விரைவில் செம்பழுப்பாகிவிடும், அப்படித் துருப்பிடித்துச் சொரசொரப்பான தகட்டில் அடுத்த ஆண்டு களிமண் உருளாமல் அப்பிக்கொள்ளும். சேற்றைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, முகப்பில் கிரீஸ் தடவி, மேலே தார்ப்பாய் போர்த்தும்போது கீழே காற்று நுழைய இடைவெளி விட வேண்டும். பிளேடு ஹைட்ராலிக் தயவில் தொங்கவே கூடாது. அழுத்தம் கசிந்து அது மெல்ல இறங்கும், குழாய் வெடித்தால் திடீரென்று விழும், கீழே கால் இருந்தால் நசுங்கும். மரக்கட்டைகளின் மேல் முழுமையாக இறக்கி, ஆடாதபடி முட்டுக் கொடுத்த பின்பே இணைப்பைக் கழற்ற வேண்டும். கழற்றிய ஊசிகளையும் கொக்கிகளையும் அந்தத் தகட்டிலேயே கம்பியால் கட்டி வைத்தால், மண் சரிந்த இரவில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டியிருக்காது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. பிளேடு வைத்திருக்கும் எஸ்டேட்களும் உழவர்களும் செப்டம்பர் முடிவதற்குள் அதை வெளியே எடுத்து, தேய்ந்த வெட்டு விளிம்பைத் திருப்பி மாட்டி, சாலையின் ஒவ்வொரு பகுதிக்கும் மண் கொட்டும் இடத்தைக் குறித்து ஓட்டுநரிடம் நேரில் காட்டி வைக்க வேண்டும்.