எழுதி வாங்கியதும் எழுதாமல் விட்டதும்

எங்கள் வீட்டில் அரசியல் பேச்சு குறைவு. காகிதங்களைப் பற்றிய பேச்சு அதிகம். யாருடைய பிறப்புச் சான்றிதழ் எந்த உறையில் இருக்கிறது, யாருடைய கடப்பிதழ் எப்போது காலாவதியாகிறது என்பதெல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். எழுபது வயதைத் தாண்டியும் அதில் மாற்றமில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அவர் ஒரே ஒரு வருடத்தைத்தான் சொல்வார்: 1965.

தாத்தாவும் அவர் தம்பியும் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறி வந்தவர்கள். தாத்தா சிங்கப்பூரில் தங்கி, ஃபேரர் பார்க்கில் ஓவன் ரோட்டுப் பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதினார். சின்னத் தாத்தா ஜொகூரில் குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போனார். தீபாவளிக்கு அவர்கள் ரயிலேறி இங்கே வருவார்கள். பொங்கலுக்கு இவர்கள் அங்கே போவார்கள். அதைப் ‘பயணம்’ என்றுகூட யாரும் சொன்னதில்லை. தஞ்சோங் பகாரில் டிக்கெட் எடுத்தால் போதும்.

எந்த நாட்டுக்காரன் என்ற கேள்வி ஃபேரர் பார்க்கில் எழுந்தது அதுவே முதல் தடவையல்ல. பிரிட்டிஷார் சரணடைந்த இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17ஆம் தேதி, இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேரை இங்குள்ள திடலில்தான் திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். நேற்றுவரை ஓர் அரசருக்கு விசுவாசம் சொன்னவர்கள், இனி யாருக்குச் சொல்வது என்று யோசித்த இடம் அது. அதைப் பார்த்த தலைமுறைக்கு, நாடு என்பது மேலே இருப்பவர்கள் பேசி மாற்றக்கூடியது என்று தெரியும். அதனால்தான் 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ‘பதிந்துகொள்ளுங்கள்’ என்று தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழர்களை வற்புறுத்தியதைத் தாத்தா தட்டாமல் கேட்டார். பதிந்துகொண்டார்.

1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா பிறந்தது. சிங்கப்பூரும் அதில் ஒரு மாநிலம். அந்த இணைப்பில் சிங்கப்பூர் பெரிதாக எதிர்பார்த்தது பொதுச் சந்தையை. இங்கே செய்யும் பொருளைத் தீர்வையில்லாமல் தீபகற்பம் முழுவதும் விற்க முடிந்தால்தான் ஆலைகள் வரும், வேலை வரும் என்பது நிதி அமைச்சர் கோ கெங் சுவீயின் கணக்கு. மலேசிய ஒப்பந்தத்தில் அதற்கென்றே தனி இணைப்பு இருந்தது. படிப்படியாக அமைக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு சபா, சரவாக்குக்கு 150 மில்லியன் வெள்ளி கடன் தர சிங்கப்பூர் சம்மதித்தது.

அந்தப் ‘படிப்படியாக’வில்தான் எல்லாம் சிக்கியது. இந்தோனீசியா ‘கொன்ஃப்ரன்டாசி’ என்று எதிர்த்து நின்று வணிகத்தை நிறுத்தியது. 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் இனக் கலவரம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நாளுக்கு நாள் கசப்பு ஏறியது. பொதுச் சந்தை பேச்சிலேயே நின்றது.

1965 ஆகஸ்ட் 9, திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு வானொலியில் அறிவிப்பு வந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. சைனாடவுனில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் வீட்டில் பாட்டி கேட்டது ஒரே கேள்விதான்: “அப்போ குளுவாங்கு வேற நாடா?”

தாத்தா உடனே பதில் சொல்லவில்லையாம். பிறகு, “தண்ணி அங்கேருந்துதானே வருது. அதை முதல்ல பார்க்கணும்” என்றாராம்.

அன்று பலருக்கு இருந்த பயம்தான் அது. கையெழுத்துப் போட்டவர்களுக்கும் மனம் ஒப்பவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் பெருந்தயக்கத்தோடுதான் பிரிவினை ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார். வளர்ந்த ஊர் வெளிநாடாகப் போகும் தாளில் கையெழுத்துப் போட்டவர், சில நாளில் புதிய நாட்டின் வெளியுறவு அமைச்சரானார்.

அந்த ஒப்பந்தத்தைப் பல வருடம் கழித்து நான் படித்தேன். சில பக்கங்கள்தான். தண்ணீர் விஷயத்தில் துளிச் சந்தேகம் வைக்கவில்லை: 1961, 1962 தண்ணீர் உடன்பாடுகளுக்கு மலேசிய அரசு உத்தரவாதம் தருகிறது என்று எழுதியிருக்கிறது. பொதுச் சந்தை பற்றிய இணைப்பு ரத்து என்றும் வெளிப்படையாக இருக்கிறது. அதன் இடத்தில், பொருளியல் விவகாரங்களில் இரு தரப்பும் ஒத்துழைக்கும் என்று பொதுப்படையான வாசகம். எழுதி வாங்கிய தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பொதுப்படையாக விட்ட வணிகத்தில், இரு பக்கமும் ஒன்றின் பொருளுக்கு மற்றொன்று கட்டுப்பாடு போட்டன.

பிரிவு ஒரே நாளில் முடியவும் இல்லை. ஆகஸ்ட் 10ஆம் தேதி தாத்தா பையில் இருந்தது அதே பழைய வெள்ளிதான். 1967 ஜூன் 12ஆம் தேதிதான் சிங்கப்பூர், மலேசியா, புருணை மூன்றும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. மலேசிய நாணயத்தோடு இருந்த சரிசம மாற்று 1973 மே மாதம் முடிந்தது. புருணையோடு இன்றும் தொடர்கிறது. கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை 1967இல் வந்தது. கூட்டு விமான நிறுவனம் 1972இல் இரண்டானது. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது 2011 ஜூன் 30ஆம் தேதி.

இந்த நீண்ட இடைவெளியில் அடிபட்டவர் குளுவாங் பெரியப்பா, சின்னத் தாத்தாவின் மூத்த மகன். அவர் எங்கள் தாத்தா வீட்டில் தங்கி ஒரு மரப்பட்டறையில் வேலை பார்த்தார். சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னார் தாத்தா. “ரெண்டு பேரும் திரும்பச் சேர்ந்துடுவாங்க பெரியப்பா, எதுக்கு அவசரம்” என்று தள்ளிப்போட்டார். அன்று அப்படி நினைத்தவர்கள் நிறையப் பேர். குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதி வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் நீட்டிப்புக்கு அலைந்தார். 1971இல் நீட்டிப்பு கிடைக்கவில்லை. பெட்டியோடு ரயிலேறிப் போனார். அவர் பிள்ளைகள் எனக்கு அண்ணன், அக்கா முறை. ஆனால் கல்யாண வீட்டில் சந்திக்கும்போது முதலில் கொஞ்ச நேரம் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் நான் முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது 2016இல். சித்தப்பா மகன் அப்போது லண்டனில் நிதித்துறை வேலையில் இருந்தான். ஜூன் 23ஆம் தேதி பிரிட்டன் வாக்களித்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் முடிவு தெளிவாகிவிட்டது: ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக 51.9 விழுக்காட்டினர் ஆதரவு. டாலருக்கு எதிராகப் பவுண்டு 1985க்குப் பிறகு காணாத அளவுக்குச் சரிந்தது. அன்றிரவு தம்பி போன் பண்ணினான். “அக்கா, இங்க யாருக்குமே அடுத்தது என்னன்னு தெரியலை.”

அவன் சிங்கப்பூரன், அவனுடைய விசாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சம்பந்தமில்லை. சிக்கல் அவன் கல்யாணம் பண்ணிக்கொள்ள இருந்த பெண்ணுக்கு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், நெதர்லாந்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்து, அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, பிறகு லண்டனுக்கு வந்தவர்கள். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இப்படி வந்த ஈழத்தமிழர்கள் நிறைய. கோயில், தமிழ்ப் பள்ளி, சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கே. ஒன்றியத்துக்குள் எங்கும் வாழலாம் என்ற உரிமையே அவர்களுடைய வீட்டுக்கு அஸ்திவாரம்.

தம்பி அப்பாவிடம் யோசனை கேட்டான். அப்பா பிரிட்டிஷ் அரசியலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “சேர்ந்துடுவாங்க, மாறிடும்னு காத்திருக்காதே. எத்தனை வருசமா அங்க இருக்காங்கன்னு காட்டுற காகிதம் எல்லாத்தையும் அந்தப் பொண்ணை எடுத்து வைக்கச் சொல்லு. சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, எதையும் வீசாதீங்க” என்றார். போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து, “அண்ணனுக்கு அன்னைக்கு இதைச் சொல்ல எனக்கு வயசில்லை” என்றார். குளுவாங் பெரியப்பாவைத்தான் சொன்னார்.

பிரிட்டன் வெளியேறியது 2020 ஜனவரி 31ஆம் தேதி. இடைக்காலம் அந்த ஆண்டு இறுதிவரை. ஐந்து வருடம் தொடர்ந்து வசித்ததைக் காட்டும் ஐரோப்பியர்களுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை உண்டு என்று விலகல் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2021 ஜூன் 30. தம்பி மனைவிக்குக் கிடைத்துவிட்டது. அவள் அம்மாவுக்குத்தான் திண்டாட்டம். வீட்டு வாடகையும் மின்கட்டணமும் கணவர் பெயரிலேயே இருந்ததால், தான் அங்கே வாழ்ந்ததைக் காட்ட அவருக்குத் தாள் இல்லை. மருத்துவர் அனுப்பிய பழைய கடிதங்களைத் தேடி எடுத்துத்தான் நிரூபித்தார்கள். தம்பியின் வேலைக்கு அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. லண்டனில் இருந்தபடி ஐரோப்பா முழுவதும் நிதிச் சேவை விற்கும் உரிமை இடைக்காலத்தோடு முடிந்தது. அவன் பிரிவு ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு மாறியது. அவன் வேறு வேலை தேடினான்.

இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பெரிய மேடைகளில் பேசப்படும் இறையாண்மை, கௌரவம் எல்லாம் வீட்டுக்குள் வரும்போது சின்னக் கேள்விகளாக மாறிவிடுகின்றன: வேலை செய்யலாமா, தங்கலாமா, அம்மாவைப் பார்க்கப் போகலாமா. தெளிவாக எழுதப்பட்ட இடத்தில் மனிதர்கள் தப்பினார்கள். ‘பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று விட்ட இடத்தில் அவரவர் கையில் இருந்த காகிதம்தான் காப்பாற்றியது, அல்லது காப்பாற்றவில்லை.

வெட்டியதைத் திரும்ப ஒட்டுவதும் நடக்கத்தான் செய்கிறது, மிக மெதுவாக. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கு இரு நாடுகளும் உடன்பாடு செய்துகொண்டன. 1963இல் கேட்ட பொதுச் சந்தை அல்ல அது. ஆனால் அதே கடற்பாலத்தின் இரு கரையையும் ஒன்றாக வைத்துப் போடும் கணக்கு. குளுவாங் பெரியப்பாவின் பேரன் பொறியியல் முடித்துவிட்டு இப்போது ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறான். சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அவனைக் கூப்பிட்டிருக்கிறது. போன வாரம் அப்பாவுக்கு போன் பண்ணி, “தாத்தா, போகலாமா?” என்று கேட்டான்.

“தாராளமா வா. ஆனா வேலை ஒப்பந்தத்தை முதல்ல எனக்கு அனுப்பு. உட்கார்ந்து படிக்கணும்” என்றார் அப்பா.